நாகர்கோவில் ஹார்ட் ஆஸ்பத்திரியும் ஒரு இன்ச் டேப்பும்

நாகர்கோவில்ல நல்ல பேரு எடுத்த ஒரு ஹார்ட் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அங்க எக்கோ இருக்கு, ஆஞ்சியோ இருக்கு, வெயிட்டிங் ஹால்ல ஏசி கூட இருக்கு, ஆனா ஒரு இன்ச் டேப் இல்ல. நெஜமாத்தான் சொல்றேன்.

அப்பாவுக்கு 76. பைபாஸ் பண்ணி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப ஹார்ட்டோட பம்பிங் கொறஞ்சு (ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்றது அதத்தான்) தண்ணி போற மாத்திரையில வண்டி ஓடுது. ஊருக்குப் போனதும் என் கண்ணுல பட்டது வேட்டிக்குக் கீழ அவரோட கெண்டைக்கால்தான், அப்படியே சூம்பிப் போயிருக்கு. நாற்காலியில இருந்து எந்திரிக்க ரெண்டு கையையும் ஊனுறாரு. நான் இங்கிலாந்துல கேர் ஹோம்ல வேலை பாக்குறவன், அங்க மாசாமாசம் எல்லாரையும் வெயிட் பாத்து சாப்பாடு கொறைஞ்சிருக்கான்னு ஸ்கோர் போடணும், அதனால இதெல்லாம் சட்டுனு உறுத்தும். வயசானவங்களுக்கு தசை கரையுறத சார்கோபீனியான்னு சொல்லுவாங்க, ஹார்ட் ஃபெயிலியர் இருந்தா அது இன்னும் வேகமாப் போகும், பசி இருக்காது, தசைக்கு ரத்தம் சரியாப் போகாது, போதாக்குறைக்கு வர்றவன் போறவன் எல்லாம் "ரெஸ்ட் எடுங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லி ஆள கட்டில்லயே உக்கார வச்சிருவான்.

செக்கப்புக்கு போனோம். விடிய முன்ன டோக்கன், அது உங்களுக்கே தெரியும். டாக்டர் ஃபைல பொரட்டிட்டு "வெயிட் போன தடவை எவ்வளவோ அதேதான், குட்"ன்னாரு. எனக்கு அங்கதான் கடுப்பு. தசை எறங்கி அந்த இடத்துல தண்ணி ஏறினாலும் தராசு அதே நம்பரத்தான் காட்டும். கெண்டைக்கால் சுத்தளவு பாருங்க சார்ன்னு கேட்டேன். நர்ஸப் பாத்தாரு. நர்ஸ் ட்ராயரப் பாத்தாங்க. ட்ராயர்ல பிளாஸ்டர், கத்தரி, யாரோ வச்ச முறுக்கு பாக்கெட். அடுத்த ரூம், அதுக்கடுத்த ரூம், ரிசப்ஷன், எங்கயும் இல்ல. கைப்பிடி பலம் பாக்குற மெஷின் இருக்கான்னு கேட்டதுக்கு ஜிம்முக்கு வந்தவன் மாதிரி என்னைப் பாத்தாங்க. கடைசியில ஒரு அட்டெண்டர், "எதுத்தாப்புல டெய்லர் கடை இருக்கு, கேட்டுப் பாருங்க"ன்னாரு.

போனேன். வெயில்ல ரோட்ட கிராஸ் பண்ணி. அண்ணாச்சி பிளவுஸ் வெட்டிட்டு இருந்தாரு, கழுத்துல டேப். அஞ்சு நிமிஷத்துக்கு குடுங்கன்னா, "யாருக்கு அளவு? நான் வந்து எடுக்கேன்"ங்காரு. கால் அளவுன்னதும் "பேண்ட்டா?"ன்னாரு. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்ன ஒடனே ஆளு மொகம் மாறிப் போச்சு, என்னமோ பெரிய ஆபரேஷன்னு நெனச்சிருப்பாரு போல, பேசாம கழட்டிக் குடுத்துட்டாரு. திருப்பிப் பாத்தா சென்டிமீட்டரும் இருக்கு.

அப்பாவ முட்டி மடக்கி உக்கார வச்சு, பைபாஸுக்கு ரத்தக்குழாய் உருவுன கால விட்டுட்டு மத்தக் கால்ல அளந்தேன், உருவுன கால்ல வீக்கம் நிக்கும், அளவு ஏமாத்திடும். 31 சென்டிமீட்டர். ஆசியக்காரங்களுக்குன்னு 2019ல நிபுணர்கள் சேந்து சொன்ன கணக்குல ஆம்பளைக்கு 34க்கும் பொம்பளைக்கு 33க்கும் கொறஞ்சா மேற்கொண்டு பாக்கணும். அதுலயும் அப்பா கால்ல கொஞ்சம் தண்ணி வேற இருக்கு, அத எடுத்துட்டா உள்ள இருக்கற தசை இன்னும் கம்மி. டாக்டர் கிட்ட சொன்னேன். "வயசானா அப்படித்தான்"ன்னாரு, பெல் அடிச்சு அடுத்த டோக்கன கூப்பிட்டாரு.

இங்கிலாந்துல எல்லாம் சொர்க்கம்னு சொல்லல, ஜிபி, அதான் அங்கத்த குடும்ப டாக்டர், அப்பாயிண்ட்மெண்டுக்கு காலைல 8 மணிக்கு போன்ல தொங்கிக் கெடக்கணும், எக்கோவுக்கு எத்தன வாரமோ, நம்ம ஊர்ல அன்னைக்கே எடுத்து கையில குடுத்துடுறான். ஆனா பைபாஸ் முடிஞ்சா அங்க ரீஹேப்னு, ஒடம்ப தேத்துற பயிற்சிக்கு, கூப்பிடுவாங்க, 10 மீட்டர்ல ரெண்டு கோன் வச்சு பீப் சத்தத்துக்கு நடக்க விட்டுப் பாக்குறதும் உண்டு. இங்க ஆள நடக்க விட்டுப் பாத்த ஆளே இல்ல.

அப்புறம்தான் ஆச்சரியம். தக்கலை பக்கம் எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பாட்டி படுத்த படுக்கை, அவங்களுக்கு கவர்மெண்டோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ பொண்ணு வீட்டுக்கே வருது. 2021ல தொடங்குனப்ப விளம்பரம்னு நெனச்சேன். அம்மா "மக்களே, இவியளையும் ஒருக்கா பாத்துட்டுப் போ"ன்னு கூப்பிட்டாவ. டேப்பும் கேக்கல, மெஷினும் கேக்கல. அஞ்சே கேள்வி. நாலரை கிலோ தூக்க முடியுமா, ரூமுக்குள்ள நடக்க, நாற்காலி விட்டு எந்திரிக்க, 10 படி ஏற கஷ்டமா, ஒரு வருஷத்துல விழுந்தீங்களா. எவ்வளவு கஷ்டமோ அதுக்கேத்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு மார்க், மொத்தம் 4 இல்ல அதுக்கு மேல வந்தா ஜாக்கிரதை.

அப்பா கெத்தா, "படியெல்லாம் ஏறுவேன்"ங்காரு. எங்க வீட்ல மாடியே கெடையாது. அம்மா உள்ள இருந்து, "பொய்யி சொல்லுதாவ மக்களே, மரச்சீனி பை தூக்க ஆள் தேடுவாவ, கார்த்திகைக்கு குளிமுறியில விழுந்தாவ." விழுந்தது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், போன்ல ஒருத்தரும் சொல்லல! ஸ்கோர் 6.

அடுத்து கைய நெஞ்சுல கட்டிட்டு நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காரச் சொல்லி போன்ல டைம் பாத்துச்சு. 12 செகண்ட் தாண்டினாலே பலம் கொறவுன்னு அர்த்தம், அப்பாவுக்கு 19. செலவு ஒரு நாற்காலி. எக்ஸர்சைஸ் தொடங்குறதுக்கு முன்ன ஹார்ட் டாக்டர் கிட்டயும், முட்டை மீன் கூட்டறதுக்கு முன்ன கிரியாட்டினின், அதான் கிட்னிக்கு பாக்குற ரத்த டெஸ்ட், பாத்துட்டும்னு அதுவே சொல்லிச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா மீன நிறுத்தி கஞ்சியும் ரசமுமாவே ஓட்டிட்டு இருந்தாவ, சாளை வாங்கலாம்னதும் அப்பாவுக்கு மொகம் எல்லாம் சிரிப்பு. கருவாடு கேட்டாரு, உப்பு, அது கெடையாதுன்னுட்டேன்.

அடுத்த செக்கப்புக்கு தங்கச்சி கூட்டிட்டுப் போவா. ஃபைலோட மொத தாள்ல செவப்பு மையில "19 செகண்ட், ஸ்கோர் 6, ஒரு தடவை விழுந்தாரு"ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கேன், அத பொரட்டாம டாக்டர் எக்கோ பக்கத்துக்குப் போக முடியாது.