ஐந்து நாள் கரண்டா, ஐந்து வாரக் கரண்டா?

மலக்குடலில் வந்த புற்றுக்கட்டி குடல் சுவரைத் தாண்டிவிட்டால் முதலில் கத்தி வைப்பதில்லை. 2004இல் வெளியான ஜெர்மன் ஆய்வு காரணத்தைக் காட்டியது: கீமோவும் ரேடியேஷனும் (பேச்சில் 'கரண்ட்') அறுவைக்குப் பிறகு கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது, முன்பே கொடுத்தவர்களில் 6 சதவீதம்தான். சரி, முன்பே என்றால் எந்த முறையில்?

பழைய வழி, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 முதல் 28 சிட்டிங், மொத்தம் 45 முதல் 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவு). கூடவே காலையும் மாலையும் சாப்பிட்டபின் கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. தினமும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு மெஷினில் படுக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் மலம் கழிக்கவே பயம் வந்துவிடும். வெளியூர்க்காரர் என்றால் அறை வாடகை வேறு.

புதிய வழியில் தினம் 5 கிரே, ஐந்தே நாள். கேட்டவுடன் எல்லாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அதன்பின் பதினெட்டு வாரம் கீமோ இருக்கிறது; ஆக்சலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய கையால் ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் ஊசி குத்தும். கூட்டிப் பார்த்தால் இந்தக் 'குறுகிய' வழியில்தான் ஆபரேஷன் தள்ளிப்போகிறது.

நெதர்லாந்து, ஸ்வீடன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ராபிடோ ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. புதிய வழியில் போனவர்களில் 28 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்த குடலில் புற்று செல்லே மிஞ்சவில்லை. பழைய வழியில் 14. ஈரல், நுரையீரல் என்று வேறிடம் பரவுவதும் புதிய வழியில் குறைவு. இங்கேயே நிறுத்தியிருந்தால் தீர்ப்பு சுலபம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் நோய் திரும்பியது புதிய வழியில் 10 சதவீதம், பழைய வழியில் 6. உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை.

அதனால் என் கணக்கு இப்படி: நெறிக்கட்டுகள் நிறைய இருந்து, பரவிவிடுமோ என்பதே முதல் பயம் என்றால் ஐந்து நாள். கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இறங்கி, ஆபரேஷனில் வெட்டும் ஓரத்தை முட்டிக்கொண்டிருந்தால் ஐந்து வாரம், அதன்பின் கீமோ. இந்த வரிசையில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால், ஆபரேஷனே செய்யாமல் கண்காணிப்பில் வைப்பதும் இப்போது உண்டு.

டாக்டரைப் பார்க்கும்போது எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைக் காட்டி, வெட்டும் ஓரத்துக்கும் கட்டிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று கேளுங்கள். ஒன்றோ அதற்குக் கீழோ என்றால் ஓரம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.