தேக்கடி: மோட்டார் படகா, மூங்கில் தெப்பமா?

தேக்கடிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "யானை தெரியுமா?" தெரியும், தெரியாமலும் போகும், அது யானையின் இஷ்டம். எதில் ஏறிப் போவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. போன பிப்ரவரிக் கடைசியில் இரண்டு நாள் குமுளியில் தங்கினோம். சனிக்கிழமை அம்மா, மனைவி, பிள்ளைகளோடு மோட்டார் படகு. ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் மட்டும், நாள் முழுக்க மூங்கில் தெப்பம். ஒரே ஏரி, ஒரே வெயில், அடுத்தடுத்த நாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தெப்பத்தின் கட்சி.

வெளிப்படையான வித்தியாசங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். படகு ஒன்றரை மணி நேரம். முதல் படகு காலை 7.30, கடைசிப் படகு பிற்பகல் 3.30. சீட்டு மலிவு, நடக்க வேண்டியதில்லை, வயதானவர்களும் குழந்தைகளும் வரலாம். தெப்பம் காலை 8 மணிக்குத் தொடங்கினால் மாலை 5 ஆகிவிடும். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். பாதி நேரம் காட்டுக்குள் நடை, பாதி நேரம் தண்ணீரில் துடுப்பு. செலவு படகைவிடப் பல மடங்கு. அட்டைக்கடிக்குத் துணி உறை தருகிறார்கள், முழங்கால் வரை மாட்டிக்கொள்ள வேண்டும். காசும் முழங்காலும் இடம் கொடுக்காதவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், படகுதான். மற்றவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

எதில் போனாலும் எந்த மாதம் போகிறோம் என்பது முக்கியம். இது தானாக உண்டான ஏரி இல்லை. பென்னிகுக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தேக்கம், சுமார் 26 சதுர கிலோமீட்டர். அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் கறுத்துப்போய்த் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதன் மேல் உட்கார்ந்து சிறகைக் காயவைக்கும். தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகைக்கும் இறங்க இறங்க, ஏரியின் மட்டம் குறையும். மட்டம் குறைந்தால் கரையில் ஈரமண் வெளியே வரும், அதில் பச்சைப்புல் முளைக்கும், புல்லைத் தேடி யானையும் காட்டுமாடும் மரத்தை விட்டு வெளியே வரும். மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே தண்ணீரும் தீனியும் இருக்கும்போது அவை கரைக்கு எதற்கு வர வேண்டும்? அதனால் பிப்ரவரி முதல் மே வரை நல்லது. மழைக்காலத்தில் நான் தெப்பத்தில் போனதில்லை, அதனால் அப்போதைய அட்டையைப் பற்றி நான் பேசுவது சரியில்லை.

சரி, படகு. நியாயமாகச் சொன்னால், எண்ணிக்கையில் ஜெயித்தது படகுதான். காலை முதல் படகில் போனோம். பதினொரு காட்டுமாடு, ஒரு பன்றிக் கூட்டம், கடமான்கள், அப்புறம் குட்டியோடு ஒரு யானைக் குடும்பம். அடுத்த நாள் தெப்பத்தில் இதில் பாதிகூடத் தெரியவில்லை. காரணம் எளிது: எஞ்சின் இருப்பதால் படகு நீண்ட கரையை ஓட்டிக் காட்டிவிடுகிறது. அம்மாவுக்குப் பரம திருப்தி. "பழனி மலை யானையைவிடப் பெருசு" என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த யானைக் குடும்பத்தை எவ்வளவு நேரம் பார்த்தோம் தெரியுமா? நான்கு நிமிடம் இருக்கலாம். படகு வேகத்தைக் குறைத்ததும் எழுபது போன் ஒரே பக்கம் நீண்டன. எனக்கு முன்னால் இருந்தவரின் முழங்கைக்கு நடுவில் ஒரு தும்பிக்கை. எழுந்து நிற்கக் கூடாது என்று ஊழியர் கத்திக்கொண்டே இருந்தார். கத்துவதில் நியாயம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஓர் அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இப்போது உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருக்கையிலேயே உட்கார வேண்டும். அந்த நான்கு நிமிடம் முடிந்ததும் எஞ்சின் உறுமியது, படகு திரும்பியது. அதற்கு அடுத்த நேரச் சீட்டு இருக்கிறது, பாவம், அதன் மேல் தப்பில்லை.

என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. விலையும் தூரமும் சாப்பாடும் அப்புறம்தான். நிற்க முடியுமா, முடியாதா? படகால் நிற்க முடியாது. தெப்பத்தால் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாய்க்காலைத் தெப்பத்தில் கடந்து, இரண்டு மணி நேரம் போல நடந்தோம். கருமந்தி குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. யானைச் சாணத்தைக் காலால் புரட்டி "நேத்து ராத்திரி" என்றார் வழிகாட்டி அண்ணன். மூங்கில்களை அடுக்கிக் கட்டி, நடுவில் உட்காரக் கொஞ்சம் உயரமாக ஒரு தட்டு, தெப்பம் அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தால் மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே வந்து செருப்பை நனைக்கிறது. துடுப்பும் மூங்கில்தான். நாமும் போடலாம், போடாவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் போட்டேன். மறுநாள் தோள்பட்டை அதைச் சொல்லிக் காட்டியது.

மோட்டார் படகு ஆழமான தண்ணீரை விட்டு வர முடியாது. தெப்பத்துக்கு ஒரு முழத் தண்ணீர் போதும், செத்த மரங்களுக்கு நடுவிலும் நுழைந்துவிடும். அப்படி ஒரு வளைவில் நுழைந்தபோது, முன்னால் இருந்த அண்ணன் துடுப்பைத் தண்ணீரில் வைத்து அப்படியே பிடித்தார். "பேசாதீங்க சார்." எதையும் காணோம். முதலில் கேட்டது சத்தம்தான். யாரோ முறுக்கைக் கடிப்பது போல, கறுக் மொறுக் என்று. அப்புறம்தான் தெரிந்தது: சாய்ந்து கிடந்த ஒரு கட்டையின் மேல் நீர்நாய். முன்னங்கால் இரண்டாலும் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தொடங்கி முள்ளோடு மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீரில் இன்னும் நாலைந்து தலைகள். மீசையில் இருந்த தண்ணீர்த் துளி வரை தெரிந்தது. நாங்கள் அசையவில்லை. கால் மணி நேரம் இருக்கும். சாப்பிட்டு முடித்து, கட்டையில் முதுகைத் தேய்த்து, கூட்டத்தோடு அதுவே கிளம்பிப் போனது.

படகில் போயிருந்தால் இந்த நீர்நாயைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதன் பல் சத்தத்தைக் கேட்டிருக்க முடியாது.

யானையும் அப்படித்தான். பிற்பகலில் எதிர்க்கரையில் ஒரே ஒரு கொம்பன். பத்திரமான தூரத்தில், காற்று எங்கள் பக்கம் வீசும் இடமாகப் பார்த்துத் தெப்பத்தை ஒரு கட்டையோடு ஒதுக்கினார்கள். யானை புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, முன்னங்காலில் தப் தப் என்று அடித்து, வேர்மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறது. என் பாட்டி கீரைக்கட்டை உதறுவது போலவே. முதல் நாள் நான்கு நிமிடத்தில் "யானை புல் தின்றது" என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நம்முடைய அவசரம் இல்லாதபோது அது என்னதான் செய்கிறது என்பதைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, ஆட்கள். 1990களின் இரண்டாம் பாதியில் இங்கே வனத்துறை சுற்றுவட்டார மக்களைக் குழுக்களாகச் சேர்த்தது. காட்டு இலவங்கப்பட்டை என்கிற வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலரும் அப்படித்தான் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். காட்டில் ஒளிந்து பழகிய கண் எதையும் விடுவதில்லை. மன்னான், பளியர் பழங்குடி மக்களும் இதில் உண்டு. ஏரியில் தெப்பம் விட்டு மீன் பிடிப்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. எல்லாரிடமும் தமிழிலேயே பேசலாம். படகில் ஒலிபெருக்கி பேசும், நாம் கேட்போம்.

தெப்பத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை எதுவும் தெரியவில்லை. பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டு மரத்தடியில் தூங்கினோம், அதற்கும் சேர்த்துத்தான் காசு. திரும்பும்போது எதிர்க்காற்று. துடுப்புப் போடுகிறோம், போடுகிறோம், அதே கட்டை அதே இடத்தில் நிற்கிறது. நிழல் கிடையாது, தொப்பி இல்லாமல் போன மச்சானுக்கு இரண்டு நாள் மூக்குத் தோல் உரிந்தது. நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் நல்ல நாளாக அமைந்துவிட்டது. நீர்நாய் வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையின் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதாகக் கவி என்கிற மலை ஊரையும் சிலர் சொல்வார்கள். வண்டிப்பெரியார், வல்லக்கடவு வழியாகப் போக வேண்டும். அங்கே துடுப்புப் படகு உண்டு, நடையும் உண்டு. ஏலத்தோட்டங்களில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிவந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. துடுப்பு வேண்டும், ஆனால் நாள் முழுக்க வெயில் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவாந்தரமான தேர்வு. நான் போனபோது இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தது, ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போலச் சிறகுச் சத்தம். பெரிய விலங்கு எதுவும் இல்லை.

படகில்தான் போகப் போகிறீர்கள் என்றால், 7.30 அல்லது 3.30 படகைப் பிடியுங்கள், நடுப்பகல் படகுகளில் காசைப் போடாதீர்கள். தெப்பம் என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். பத்தே இடம், விடுமுறை நாளில் நேரில் போய்க் கேட்டால் கிடைப்பது சந்தேகம். மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, தொப்பி, நனைந்தாலும் கவலைப்படாத செருப்பு. ஏப்ரலில் மறுபடி போவதாக இருக்கிறேன். மச்சான் இந்த முறை தொப்பி வாங்கிவிட்டான், சிவப்பு நிறம். அதை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும்.