பழைய கூட்டாளிகள் கூடும் ராத்திரிக்கு எந்தப் படம்?

பொள்ளாச்சித் தோப்பு வீட்டில் காலேஜ் கூட்டாளிகள் கூடும்போது புரொஜக்டரில் எதைப் போடுவது என்று வாட்ஸ்அப்பில் ஒரே ரகளை. ஒரு கட்சி ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ (2013), மறு கட்சி ‘இன்று நேற்று நாளை’ (2015).

எட்கர் ரைட் இயக்கிய ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ நமக்கென்றே எடுத்தது போல இருக்கும். 1990-இல் பாதியில் நின்ற 12 மதுக்கடைச் சுற்றை முடிக்க, கேரி கிங் நான்கு நண்பர்களைச் சொந்த ஊருக்கு இழுத்து வருகிறான். அவர்களில் ஆண்டி என்பவனை வரவைக்க, தன் அம்மா செத்துப்போனதாகவே புளுகுகிறான். அந்த ஆண்டியோ குடியை விட்டவன். கடையில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீர் கேட்கிறான். ஊரே இயந்திர மனிதர்களாகிக் கிடப்பது அப்புறம்தான் தெரிகிறது. அடித்தால் தலை கழன்று நீல மையாகக் கொட்டும். அந்தக் கூத்துக்கு நடுவே, பள்ளி நாட்களைத் தாண்டவே முடியாத ஒருவனின் வலி சுருக்கென்று தைக்கும். எங்கள் குழுவிலும் ஒரு கேரி உண்டு. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவானுங்க.

ஆர். ரவிக்குமாரின் படத்தில் கால இயந்திரம் சிக்கிய இருவர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் காசு பார்க்கிறார்கள். அதில் சாகவேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். இசை நம்ம கோயம்புத்தூர் ஆதியின் ஹிப்ஹாப் தமிழா. திரைக்கதை கெட்டி, ஆனால் பிரிந்து கூடும் நட்பு அதில் இல்லை.

குழந்தை குட்டியோடு வந்தால் அதுதான் சரி. ஆங்கிலப் படத்தில் கெட்ட வார்த்தை சரமாரி. கூட்டாளிகள் மட்டும் என்றால் என் ஓட்டு கேரிக்கு. சப்டைட்டில் படிக்கச் சோம்பல்படுகிறவன் அரிசிம்பருப்பு ஆக்கட்டும்.