எக்ஸ்றே ஸ்பொன்ச் கட்டைகள்: வெறும் பஞ்சா, றெக்சின் உறை போட்டதா?

எக்ஸ்றே எடுக்கும்போது கைகாலுக்கு அண்டை கொடுக்கும் ஸ்பொன்ச் துண்டுகள் இவை: 45 பாகை ஆப்பு, 15 பாகை ஆப்பு, 5 செ.மீ தடிப்பில் தட்டையான கட்டைகள். பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது விழுந்தவரோ, படுக்கையில் இருக்கும் ஆச்சியோ கை முறிந்து வரும்போது, படம் சரியாக விழுவதும் திரும்ப எடுக்க வேண்டி வருவதும் பெரும்பாலும் இந்தப் பஞ்சில்தான் இருக்கிறது.

முன்கைக்கு ஒன்றுக்கொன்று 90 பாகையில் இரண்டு படம் வேண்டும்; இரண்டிலும் மணிக்கட்டும் முழங்கையும் தெரிய வேண்டும். முறிந்த கையைப் பிடித்துத் திருப்பினால் முறிவுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் திரும்பும், மேலே உள்ளது அப்படியே கிடக்கும். இரண்டாவது படத்துக்கு அதனால் கையை விட்டுவிட்டு எக்ஸ்றே குழாயைத்தான் திருப்ப வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்க, தட்டைக் கட்டையின் மேல் கையை வைத்து, உடம்புக்கும் கைக்கும் நடுவில் படம் விழும் பிளேற்றை நிமிர்த்தி, எக்ஸ்றேக் கதிர்களைக் கிடையாக விடலாம். கட்டை இல்லாவிட்டால் கை மெத்தையில் புதைந்து, எலும்பின் கீழ் விளிம்பு படத்தில் வெட்டுப்படும். இந்த வேலைக்குத் தட்டைக் கட்டைக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

முழங்கை நீட்டுப்படாதவருக்கு முன்பக்கப் படம் இரண்டாகப் பிரியும்: முன்கை பிளேற்றோடு படிய ஒன்று, மேற்கை படிய ஒன்று. தூக்கி நிற்கும் பகுதிக்கு ஆப்பை அண்டை கொடுத்தால் நோயாளி தசையை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, படமும் கலங்காது. மடக்கவே முடியாத முழங்கையென்றால் பக்கப்படம் நீட்டிய நிலையில் எடுத்தது என்று எழுதி விடுங்கள். நீட்டிய முழங்கையில் மூட்டின் பின்பக்கம் எலும்போடு ஒட்டியிருக்கும் கொழுப்புப் படலம் முறிவு இல்லாமலே படத்தில் தெரியும்; 90 பாகையில் மடக்கி எடுத்த படத்தில் தெரிந்தால்தான் அது ஒளிந்திருக்கும் முறிவுக்கு அறிகுறி.

சக்கர நாற்காலிக்காரருக்கு பிரேக் போட்டு, கை வைக்கும் சட்டத்தைக் கழற்றி, மேசையோரம் நெருக்க வேண்டும். பக்கப்படத்துக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டம். மேசை பதிவாக இருந்தால் பிளேற்றுக்குக் கீழே கட்டைகளை அடுக்கலாம். இங்கேதான் ஸ்பொன்ச் காலை வாரும்: கையின் பாரத்தில் ஒரு பக்கம் அமுங்கி பிளேற் சரியும். இடையில் ஒரு பலகைத் துண்டு போட்டால் தீர்ந்தது. கைக்கும் பிளேற்றுக்கும் நடுவில் 5 செ.மீ கட்டை வைத்தால், குழாய் பிளேற்றிலிருந்து 100 செ.மீ தூரத்தில் இருக்கும்போது எலும்பு ஏறத்தாழ 5 வீதம் பெரிதாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி, எதை வாங்குவது? றெக்சின் உறை போட்டது துடைக்கச் சுகம். இரத்தம், பிளாஸ்டர் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆனால் கைக்குப் பாவிக்கும் 55–60 கிலோவோல்ற்றில் அதன் தையல் கோடு மெல்லிசாகப் படத்தில் விழலாம். இழுத்துப் பூட்டும் சிப் (zip) வைத்த உறை என்றால் பேச்சே வேண்டாம். உறையில்லாத வெறும் பஞ்சு படத்தில் தெரியாது, எல்லாவற்றையும் உறிஞ்சும். காய்ந்த பிளாஸ்டர் தூள் ஒட்டினால் வெள்ளைப் புள்ளி. வேறு ஊரில் அது வெறும் அழுக்கு. போர் முடிந்து 2009 இலிருந்து இத்தனை வருடமாகியும் உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு திரியும் ஆட்கள் உள்ள வன்னியில், அந்தப் புள்ளியைச் செல் துண்டென்று எழுதிவிட இடமுண்டு. கையை எடுத்துவிட்டு, கட்டையை மட்டும் அதே இடத்தில் வைத்து ஒருமுறை எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஆகவே வெறும் பஞ்சை வாங்கி, மெல்லிய பொலித்தீன் பையில் போட்டு, ஆளுக்கு ஆள் பையை மாற்றுவதே எங்கள் தெரிவு. முள்ளந்தண்டு காயக்காரரின் உணர்வில்லாத தோலென்றால் பொலித்தீன் மடிப்புக் குத்துவது அவருக்கே தெரியாது. மேலே சுருக்கமில்லாமல் ஒரு துணி விரியுங்கள்.

மெத்தைக் கடையில் வெட்டி எடுக்கும் பஞ்சும் உதவும். சுண்ணத்தூள் கலந்த மலிவுப் பஞ்சு படத்தில் புகைபோல விழும் என்பதால், பாவிக்க முன் அதை மட்டும் வைத்து ஒரு படம் எடுங்கள். றெஜிபோம் (சாமான் பொதி செய்யும் வெள்ளைப் போம்) கதிருக்குத் தடையில்லை, ஆனால் உதிரும், கைக்கும் குத்தும். எதுவானாலும் யன்னல் வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சளித்துப் பொடிப்பொடியாகிவிடும். எலிக்கும் இது நல்ல கூடு.