ரோசன்னா: வாசிப்புச் சவாலுக்கு நான் எடுத்த ஸ்வீடன் நாவல்

இந்த வருட வாசிப்புச் சவாலில் ஒரு கட்டம் நார்டிக் குற்றப்புனைவு, அதாவது ஸ்வீடன், நார்வே போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் துப்பறியும் கதைகள். ஸ்டீக் லார்சன், ஹென்னிங் மான்கெல் எல்லோரும் கண்முன் வந்தார்கள். எனக்கோ இந்த வகையின் வேரைப் பார்க்க ஆசை. மாய் ஷோவால், பேர் வாலூ என்ற இணையர் 1965-இல் எழுதிய ‘ரோசன்னா’வை எடுத்தேன்.

ஸ்வீடனின் யோத்தா கால்வாயில் மோட்டாலா என்ற ஊர் அருகே தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் துப்பறியும் போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக் சாகசக்காரர் இல்லை. வயிற்றுக்கோளாறு, சளி, வீட்டில் மனைவியோடு ஒட்டாத வாழ்க்கை. கடிதம் போடுகிறார், தொலைபேசிக்காகக் காத்திருக்கிறார். படகில் வந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களைச் சேகரித்து, அதில் அந்தப் பெண்ணைத் தேடும் பகுதியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இறந்துபோனவள் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறாள், பாவம்.

அவளுடைய அந்தரங்கத்தைப் போலீசார் துருவும் பக்கங்கள் எனக்குச் சங்கடமாக இருந்தன. வேகம் வேண்டுமென்றால் இது சரிப்படாது.

சவாலுக்கு வசதியான அளவுதான்: 30 அத்தியாயங்கள், நாளுக்கு மூன்று என்று பத்தே நாளில் முடித்தேன். மார்ட்டின் பெக் வரிசையில் மொத்தம் 10 நாவல்கள், 1975 வரை. முதலாவதிலிருந்தே தொடங்குங்கள். நான் அடுத்ததை இன்றிரவே எடுக்கிறேன்.