பெல் சென்டரா, பாலைவனமா: ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் ஷேன் ரைட்டும் வளர்ந்த விதம்

2022 ஜூலை, மாண்ட்ரியாலின் பெல் சென்டர். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதலில் ஷேன் ரைட் பெயரைத்தான் படிப்பார்கள் என்று பலரும் நினைத்திருந்தார்கள். மாண்ட்ரியால் கனடியன்ஸ் எடுத்ததோ ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை. ரைட் நான்காவதாக சியாட்டில் கிராக்கனுக்குப் போனார். இருவருக்கும் 18 வயது. பையனை நேராகப் பெரிய லீக்கில் இறக்குவதா, மைனர் லீக்கில் கொஞ்சம் ஊற விடுவதா என்று பேச இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்து லீக்கிலிருந்து வந்தவர். என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியில் இருக்கும் மைனர் லீக்கான ஏ.எச்.எல்.லில் ஆட அவருக்கு விதி எதுவும் தடையில்லை. மாண்ட்ரியாலின் மைனர் அணியான லாவல் ராக்கெட்டும் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் மேலேயே வைத்துக்கொண்டார்கள். முதல் சீசனில் 39 ஆட்டம், 10 புள்ளி (கோலுக்கும், கோலுக்கு உதவும் பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி). தலையைக் குனிந்து பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) ஓட்டிக்கொண்டு வந்து பலமான இடிகளை வாங்கினார்; அப்புறம் முழங்கால் காயத்தோடு சீசனே முடிந்தது. அடுத்த சீசனும் மந்தமாகத்தான் தொடங்கியது. "லாவலுக்கு அனுப்புங்கள்" என்ற குரல்கள் கேட்டும் நிர்வாகம் அசையவில்லை. அணியின் முன்னணி வீரர்களான நிக் சுசுகி, கோல் காஃபீல்டோடு ஒரே லைனில் (சேர்ந்து இறங்கும் மூவர் குழுவில்) போட்டார்கள், ஆட்டமே மாறியது: 20 கோல், 50 புள்ளி. 2024 ஜூலையில் ஆண்டுக்கு 76 லட்சம் டாலர் வீதம் எட்டு ஆண்டு ஒப்பந்தம். ஒன்றை மறக்கக் கூடாது. அப்போது மாண்ட்ரியால் அடியிலிருந்து அணியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது. பையன் தப்பு செய்தாலும் மீண்டும் ஐஸில் இறக்க அவர்களால் முடிந்தது.

ரைட் கதை வேறு. கனடா ஜூனியர் லீக்கிலிருந்து எடுத்த பையனை 20 வயதுக்கு முன் ஏ.எச்.எல்.லில் நிரந்தரமாக வைக்க அப்போதைய விதி விடவில்லை. ஒன்று மேலே, இல்லையென்றால் மறுபடி ஜூனியர். சியாட்டிலில் பல இரவுகள் ஆட இறக்கப்படாமல், ஆட்ட உடையே போடாமல் உட்கார்ந்திருந்தார். மொத்தம் எட்டே ஆட்டம், ஒரு கோல். அந்தக் கோல் மாண்ட்ரியாலுக்கு எதிராக! பிறகு உலக ஜூனியர் போட்டி, திரும்பவும் ஜூனியர் லீக். பாவம், ஒரே வருடத்தில் எத்தனை சட்டை மாற்றினார்!

அடுத்த சீசனில் சிறப்பு அனுமதி கிடைத்து, சியாட்டிலின் மைனர் அணியான, கலிபோர்னியா பாலைவனத்தில் இருக்கும் கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸுக்கு வந்தார். இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. ஏ.எச்.எல்.லில் 72 ஆட்டம், பெரும்பாலும் வார இறுதியில். நடுவில் பயிற்சிக்கு நாள் கிடைக்கும். அப்போது 82 ஆட்டத்துக்கு ஊர் ஊராகப் பறந்த என்.எச்.எல்.லில் அது அபூர்வம். ரைட்டைப் போல சென்டர் (நடு முன்கள வீரர்) ஆடுபவன் ஃபேஸ்ஆஃப் (நடுவர் போடும் பக்குக்கு இருவர் மோதுவது) எடுத்து, தப்பு செய்து, மறுநாள் அதையே திருத்திப் பழக வேண்டும். மேலே கடைசி, நான்காம் லைனில் சில நிமிடம் ஆடினால் அது வராது. அங்கே 59 ஆட்டத்தில் 22 கோல். 2024-25இல் சியாட்டிலில் 79 ஆட்டம், 19 கோல், 44 புள்ளி. அந்த சீசனில் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் டான் பைல்ஸ்மா, ஃபயர்பேர்ட்ஸிலும் அவரை வளர்த்தவர்.

அதே சீசனில் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு 51 புள்ளி. பெரிய வித்தியாசமில்லை, சரி. ஆனால் டெட்ராய்டின் மொரிட்ஸ் சைடரையும் சேர்த்துப் பாருங்கள்: 18 வயதில் டெட்ராய்டின் ஏ.எச்.எல். அணியான கிராண்ட் ராபிட்ஸ், பிறகு சுவீடன், அதன்பிறகே என்.எச்.எல்.; 2022இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. என் ஓட்டு மைனர் லீக்குக்குத்தான். ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கும் அந்த முதல் சீசன் லாவலில் போயிருக்கலாம் என்றே நினைக்கிறேன். தலை நிமிர்ந்து பக்கை ஓட்ட அங்கே பழகியிருப்பார்.