பிரான்டோசாரஸா, அபடோசாரஸா: எந்தப் பேர் சொல்றது?

குழந்தைக்கு நீளக் கழுத்து டைனோசர் பொம்மை வாங்கினா இந்தக் குழப்பம் வந்துடும். ரெண்டு பேரையும் வெச்சது ஒரே ஆளு, யேல் பல்கலைக்கழகத்து புதைபடிவ ஆராய்ச்சியாளர் மார்ஷ்.

சீனியாரிட்டி: அபடோசாரஸ் 1877, பிரான்டோசாரஸ் 1879. எட்வர்ட் கோப்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரோட மார்ஷ் போட்டி போட்டுட்டு அவசர அவசரமா பேர் வெச்சுத் தள்ளின காலம் அது.

ரூல்: 1903ல ரிக்ஸ்னு ஒருத்தர் எலும்பை ஒப்பிட்டுப் பார்த்து ரெண்டும் ஒரே பேரினம்தான் (genus, அதாவது நெருங்கின இனங்களோட கூட்டம்), முதல்ல வெச்ச பேர்தான் செல்லும்னுட்டார், அதோட பிரான்டோசாரஸ் நூறு வருஷத்துக்கு மேல செல்லாத பேரா கிடந்துச்சு. ஆனா ஜனங்க விடல, 1989ல அமெரிக்க தபால்தலையிலயே அந்தப் பேர்தான் வந்துச்சு, அதுக்கு ஏகப்பட்ட திட்டு வேற!

கழுத்து: அபடோசாரஸுக்கு நல்லா அகலம், தடிமன். பிரான்டோசாரஸுக்கு கொஞ்சம் ஒல்லி, உயரம் ஜாஸ்தி. 2015ல ட்சோப்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு இந்த மாதிரி நூத்துக்கணக்கான அம்சங்களை அலசி ரெண்டும் தனித்தனி பேரினம்னு சொல்லிடுச்சு, எல்லாரும் ஒத்துக்கலங்கறது வேற விஷயம்.

மியூசியம் போர்டுக்கோ ஸ்கூல் ப்ராஜெக்டுக்கோ அபடோசாரஸ் எலும்புன்னா அந்தப் பேரையே போடுங்க. பொம்மைக்கு? தாராளமா பிரான்டோசாரஸ்.